உம்மாவின் மூச்சை நான் எண்ணவில்லை

பத்திரிகைத் துறையில் கழிந்த நாற்பது ஆண்டுகளில் சுகாதாரச் செய்திகள் பல எழுதியிருக்கிறேன். அவற்றுள் ஒன்று எனக்கு மனப்பாடம். இருமலும் சளியும் உள்ள பிள்ளையின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 40 என்ற எண்ணிக்கையை எட்டினால் நியூமோனியாவாக இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாரி மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மார்கழி இரவில் அந்த அறிவு பயன்பட்டது. சாய்ந்தமருதில் தங்கையின் வீட்டில் அவளுடைய மூன்று வயதுப் பேரன் காய்ச்சலோடு கிடந்தான். சட்டையை நீக்கி எண்ணினேன். 52. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கியது. உடனே முச்சக்கர வண்டியில் கல்முனைக்குக் கொண்டு சென்றோம். மருந்து தொடங்கிய மூன்றாம் நாள் பிள்ளை விளையாடத் தொடங்கிவிட்டான். “நல்ல வேளை, நானா எண்ணிப் பார்த்தார்” என்று தங்கை எல்லோரிடமும் சொன்னாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதே வீட்டில்தான் எங்கள் உம்மாவும் இருந்தார். வயது 82, நீண்டகால நீரிழிவு. பேரன் தேறிப் பத்து நாட்கள் கழிந்திருக்கும். உம்மா சாப்பாட்டை ஒதுக்கினார், பகலிலும் உறங்கினார். லேசான இருமல்தான். காய்ச்சல் என்று சொல்லும்படி உடம்பு சுடவில்லை. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம், பனடோல் கொடுத்தோம். மூன்றாம் நாள் அஸர் தொழுகையின் நடுவே நின்று, “இது என்ன வக்து மகன்?” என்று கேட்டார். ஐந்து வேளையும் தவறவிடாத உம்மா, அன்று தொழுததையே மீண்டும் தொழுதார். வயது போனால் மறதி வரும்தானே என்று நான் சொன்னேன். தங்கையும் தலையசைத்தாள்.

நான்காம் நாள் கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்தார். விழுந்ததற்காகத்தான் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். வைத்தியர் முதலில் கையை நெஞ்சில் வைத்து மூச்சை எண்ணினார். 32. எக்ஸ்ரே படத்தில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெளுத்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் வளர்ந்தது நியூமோகொக்கஸ் என்னும் கிருமி.

1881இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டேர்ன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்த பழைய கிருமி இது. ஆரோக்கியமான பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் இது சத்தமின்றிக் குடியிருக்கும். தும்மலிலும் இருமலிலும் மற்றவருக்குத் தாவும். பிள்ளைகளிடம் காய்ச்சலாகவும் வேகமான மூச்சாகவும் வெளிப்படும். சிலருக்குக் காதில் சீழ் கட்டும், மூளை உறையைத் தாக்கினால் பிழைத்தவருக்கும் செவிப்புலன் போகலாம். நடுவயதினருக்குத் திடீர் குளிர் நடுக்கம், நெஞ்சில் குத்துவலி, துருநிறச் சளி. முதியவரின் உடலோ கிருமியை எதிர்த்துக் கொதிக்கும் வலுவை இழந்திருக்கும். ஆகவே காய்ச்சல் இல்லாமலேயே தடுமாற்றமும் உறக்கமும் வீழ்ச்சியுமாக நோய் வரும். நாங்கள் மறதி என்று நினைத்தது நோயின் அறிகுறி.

உம்மாவின் நுரையீரலைச் சுற்றிச் சீழ் சேர்ந்திருந்தது. விலாவுக்கிடையே குழாய் செலுத்தி அதை வடித்தார்கள். நாளத்தின் வழியே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றினார்கள்; ஒட்சிசன் கொடுத்தார்கள். மூன்று வாரங்களில் வீடு திரும்பினார். இதயமும் களைத்திருக்கிறது, கவனம் என்று வைத்தியர் எச்சரித்தே அனுப்பினார். நியூமோனியா தணிந்த பின்னரும் பல மாதங்களுக்கு மாரடைப்பின் அபாயம் கூடியிருக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். இரண்டு மாதங்களுக்குப் பின், ஒரு சுபஹ் வேளையில், மாரடைப்பால் உம்மா மௌத்தானார். அந்த நான்கு நாட்கள்தான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற எவராலும் இயலாது. இல்லை என்று கூற என்னாலும் இயலவில்லை.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. வடக்கு ஆதார வைத்தியசாலை இருக்கிறது. தூரத்தின் மீது நான் பழி போட முடியாது. பிள்ளைக்கு எண்ணத் தெரிந்த எனக்கு உம்மாவுக்கு எண்ணத் தோன்றவில்லை.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போடத் தொடங்கியபின், ஊசி போடாத முதியவர்களிடமும் இந்நோய் குறைந்தது. பேரப்பிள்ளையின் தொண்டையிலிருந்து கிருமி அகன்றதே காரணம். இந்தியாவும் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதற்கும் அதை விரிவாக்கியது. முதியவர்களுக்கும் தடுப்பூசி உண்டு. நீரிழிவு, இதயநோய், ஆஸ்துமா உள்ளவர்கள் குறித்து உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். எஞ்சிய பழைய மாத்திரைகளை மட்டும் நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். இக்கிருமி பென்சிலினுக்கும் இடங்கொடாதிருக்கப் பழகி வருகிறது.

உங்கள் வீட்டு முதியவர் திடீரென்று நேரம் தடுமாறினால், சாப்பாட்டை வெறுத்தால், வயதின் மீது பழி போடுவதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஓய்வாக இருக்கையில் 25ஐத் தாண்டினால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். 30ஐ எட்டினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.