கிணறுகளின் மேல் நிற்கும் தேவாலயம்... எழும்பூர் 'கிர்க்' கதை தெரியுமா?

புதுச்சேரியை அடுத்த பிள்ளைச்சாவடியில் மண்ணை நம்பி வீடு கட்டுவது எவ்வளவு பெரிய சவால் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் அரிப்பில் வீடுகளைப் பறிகொடுத்த ஊர் அது. 'தூண்டில் வளைவு அமைக்க வேண்டும்' என்பது இந்தக் கரையோர மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை.

நிலைக்காத மண்ணில் எப்படி நிலைத்து நிற்பது? இதே கேள்வியை 200 ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் ஒரு பொறியாளர் சந்தித்தார். அவர் பெயர் தாமஸ் டி ஹேவிலண்ட். அவர் கண்ட விடைதான் எழும்பூரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 'கிர்க்' என்றால்தான் பலருக்குத் தெரியும். ஸ்காட்லாந்துக்காரர்கள் தேவாலயத்தை அப்படித்தான் அழைப்பார்கள்.

மூப்பர்களின் சபை

கிழக்கிந்திய கம்பெனியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏராளம். அவர்கள் பிரஸ்பிட்டேரியன் மரபினர். அந்த மரபில் பிஷப் கிடையாது. போதகரும், சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் சேர்ந்தே சபையை நடத்துவார்கள். ஆங்கிலேயர்களுக்குத் தனித் தேவாலயங்கள் இருக்க, தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று இவர்கள் எழுப்பியதுதான் கிர்க். 1818-ல் தொடங்கிய பணி முடிந்து, 1821 பிப்ரவரியில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.

அடியில் உறைகிணறுகள்!

தேர்வான இடமோ தண்ணீர் தேங்கும் இளகிய நிலம். டி ஹேவிலண்ட் நம்மூர் முறையைக் கையில் எடுத்தார். கீழடி அகழாய்வால் நமக்கு நன்கு பழகிப்போன அதே உறைகிணறு! நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல் அஸ்திவாரம் போட்டார். கரையானுக்குப் பயந்து கூரையில் மரத்தைத் தவிர்த்து, செங்கல்லாலேயே பெரிய குவிமாடம் எழுப்பினார். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், 16 தூண்கள் சூழ, நீல வானில் பொன் நட்சத்திரங்கள் மின்னுவது போலிருக்கிறது. வெளியே கோபுரம் 160 அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. இவ்வளவு பாரத்தையும் தாங்குபவை, யார் கண்ணுக்கும் தெரியாத அந்தக் கிணறுகள்தான்.

இன்னொரு செய்தி: சென்னைக் கரையைக் கடல் அரிக்காமல் இருக்கக் கல் தடுப்புச்சுவர் கட்டியவரும் இதே டி ஹேவிலண்ட்தான்!

ஒரு பள்ளியும் பிறந்தது

கிர்க்கின் போதகர்கள் 1835-ல் எழும்பூரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். 1837-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் அதை வளர்த்தெடுத்தார். இன்று தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வேர் அதுதான்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். பிஷப் இல்லாத மரபில் பிறந்த கிர்க், இப்போது பிஷப்பைத் தலைவராகக் கொண்ட தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்குக் கூடுபவர்கள் நம்மூர் மக்கள்.

எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். குவிமாடத்தை ரசித்த கையோடு, காலடியில் இருக்கும் தரையையும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கிர்க்கின் உண்மையான அதிசயம் அதற்கும் கீழே இருக்கிறது!