டோர்ன ஆற்றுப் பனிக்கூடம்

ஸ்வீடன் நாட்டின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கும் மேலாக வடக்கே சென்றால், டோர்ன ஆற்றின் கரையில் யுக்காஸ்யார்வி என்னும் சிற்றூர் வருகிறது. சில நூறு பேரே வாழும் ஊர் அது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மரத்தாலான தேவாலயம் ஒன்று, ஊசியிலை மரங்கள், ஆற்றங்கரையில் சிவப்பு வண்ணம் பூசிய வீடுகள் ஆகியவையே ஊரின் தோற்றம். 17 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிருனா நகரம் இரும்புத்தாதுச் சுரங்கத்தை நம்பி வளர்ந்தது. யுக்காஸ்யார்வி நம்பியிருப்பதோ ஆற்றில் உறையும் பனிக்கட்டியை.

அங்கு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் பனிக்கலைக்கூடத்தை வெளியிலிருந்து காண்பவர் சற்று ஏமாற்றமே அடைவர். கோபுரமும் மாடமும் அதற்கு இல்லை. பெரியதொரு கிடங்கைப் போலவே அது தோன்றும். கோடையில் வருபவருக்கு வியப்பு வாயிலில்தான் தொடங்குகிறது. மே மாத இறுதி முதல் சூலை நடுப்பகுதி வரை அப்பகுதியில் கதிரவன் மறைவதில்லை. நள்ளிரவிலும் ஆற்றின்மீது வெயில் படர்ந்திருக்கும், கொசுக்கள் மொய்க்கும். அந்த வெயிலில் நின்றுகொண்டே தடித்த குளிராடையை வாங்கி அணிந்து, கதவைத் தள்ளி உள்ளே காலடி வைத்தால், வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 5 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிவிடுகிறது. இரண்டு பருவங்களுக்கு இடையே ஒரு கதவின் தடிமன்தான் இருக்கிறது.

உள்ளே நுழைந்தவுடன் கண்ணைவிடக் காதே முதலில் வேறுபாட்டை உணர்கிறது. வெண்பனியின் நுண்ணிய இடைவெளிகள் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால் எதிரொலி எழுவதில்லை. உரக்கப் பேசுபவரும் தம்மை அறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். காலணியின் அடியில் பனி நொறுங்கும் மெல்லிய ஓசையும், அவரவர் மூச்சும் மட்டுமே கேட்கின்றன. நாற்றம் என்று ஒன்றும் இல்லை. குளிர் அதையும் அடக்கிவிடுகிறது. சுவரைத் தொட்டுப் பார்க்கக் கையுறையைக் கழற்றுபவர், சில நொடிகளில் விரல்நுனி மரத்துப்போய் மீண்டும் அணிந்துகொள்கிறார். எனினும் கழற்றாமல் இருப்பவர் அரியர்.

நீண்ட நடைவழியின் இருபுறமும் அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஒரு கலைஞரின் அல்லது இணைந்து பணியாற்றும் இருவரின் படைப்பு. ஓரறையில் சுவரே காடாகிறது. மற்றோர் அறையில் கடலடியின் உயிரினங்கள் பனியிலிருந்து தலைநீட்டுகின்றன. விலங்கோ மலரோ இல்லாமல், வளைகோடுகளும் நிழலும் மட்டுமே கொண்ட அறைகளும் உண்டு. நடுவே பனிக்கட்டியாலான கட்டில். அதன்மேல் மெத்தை, மெத்தையின்மேல் கலைமான் தோல். பகலில் காட்சிக்கூடமாக இருக்கும் இவ்வறைகளில், இரவில் விருந்தினர் கனத்த உறங்குபைக்குள் புகுந்து துயில்கின்றனர். காலையில் அவர்களை எழுப்புவது சூடான லிங்கன்பெரிச் சாறு. பெரும்பாலோர் ஓரிரவோடு நிறுத்திக்கொண்டு மறுநாள் வெப்பமூட்டிய அறைக்கு மாறிவிடுகின்றனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதிக வெப்பம் உமிழாத ஒளியுமிழ் டையோடு விளக்குகளே இங்குப் பயன்படுகின்றன. சில அறைகளில் அவை நீலமும் ஊதாவும் சிவப்புமாக மாறிமாறி ஒளிர்வதைக் காணலாம். ஒளிப்படத்திற்கு அவை எடுப்பாக இருக்கலாம். ஆனால் பனிக்கட்டிக்கு அத்தகைய ஒப்பனை வேண்டியதில்லை. தடித்த பனிக்கட்டி ஒளியிலுள்ள சிவப்பைச் சிறிது உட்கொண்டு நீலத்தைக் கடத்துவதால், தானாகவே ஒரு மங்கிய நீலம் அதனுள் தங்கியிருக்கும். வெள்ளொளி மட்டும் வைத்த அறைகளில்தான் அந்த நீலம் தெரிகிறது. அந்த அறைகளில் மக்கள் நெடுநேரம் நிற்பதும் தற்செயலாக இருக்க முடியாது.

இந்தப் பனிக்கட்டியின் தெளிவு வியப்புக்குரியது. அரை மீட்டர் தடிமனுள்ள கட்டியின் ஒருபுறம் கையை வைத்தால் மறுபுறம் ரேகைகூடத் தெரியும் போலிருக்கும். வீட்டுக் குளிர்ப்பதனப் பெட்டியில் உறையும் கட்டியின் நடுவில் வெண்மையான மூட்டம் இருப்பதை அனைவரும் கண்டிருப்பர். நீர் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் உறைவதால், அதில் கரைந்துள்ள காற்று வெளியேற வழியின்றி நடுவில் சிக்கிக்கொள்கிறது. மூட்டத்திற்குக் காரணம் அதுவே. ஆற்றிலோ நீர் மேலிருந்து கீழ்நோக்கி மெல்ல உறைகிறது. படிகமாகும்போது நீர் தன்னுள் கலந்துள்ள காற்றையும் உப்புகளையும் கீழே ஒதுக்கித் தள்ளுகிறது; அடியில் ஓடும் நீரோட்டம் அவற்றை அடித்துச் சென்றுவிடுகிறது. ஆகவே ஓடும் ஆறே இங்குக் கண்ணாடி செய்யும் தொழிலாளி. டோர்ன, பெரும் நீர்மின் அணைகளிலிருந்து சட்டத்தால் காக்கப்பட்ட ஸ்வீடனின் நான்கு பேராறுகளுள் ஒன்று. தடையின்றி ஓடும் அவ்வாறு இல்லையேல் இந்தத் தெளிவும் இல்லை.

கூடம் பிறந்த கதை எளியது. யிங்வே பெர்க்விஸ்ட் என்பவர் கோடையில் சுற்றுலாப் பயணியரைப் படகில் ஏற்றி ஆற்றின் விரைநீரில் அழைத்துச் செல்லும் தொழில் நடத்திவந்தார். குளிர்காலம் வந்தால் ஆறு உறைந்துவிடும், இருளும் சூழும், எவரும் வருவதில்லை. வருமானத்திற்குத் தடை எனக் கருதிய குளிரையே காட்சிப்பொருளாக்கினால் என்ன என்று அவர் எண்ணினார். ஜப்பானியப் பனிச்சிற்பிகள் 1989-இல் அங்கு வந்து பணியாற்றினர். அடுத்த ஆண்டு, ஆற்றின்மீது எழுப்பிய பனிக்குடிலில் பிரெஞ்சுக் கலைஞர் ஜானோ தெரிதின் கண்காட்சி நடந்தது. அங்கு வந்தவருள் சிலர் கலைமான் தோலை விரித்து, அப்பனிக்குடிலிலேயே இரவைக் கழித்தனர். மறுநாள் அவர்கள் மகிழ்ச்சியுடன் எழுந்து வந்ததிலிருந்தே பனிவிடுதி என்னும் எண்ணம் உருப்பெற்றது. அன்றுமுதல் ஒவ்வொரு குளிர்காலமும் அது புதிதாகக் கட்டப்படுகிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் உருகி மறைகிறது.

பருவ விடுதியைக் கட்டும் முறை தனித்தன்மை வாய்ந்தது. வெண்பனியையும் நீரையும் கலந்து பீய்ச்சி உருவாக்கும் கெட்டியான கலவையை அவர்கள் ‘ஸ்னிஸ்’ என்கின்றனர். ஸ்வீடிய மொழியில் வெண்பனியைக் குறிக்கும் சொல்லையும் பனிக்கட்டியைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துப் படைத்த சொல் அது. வளைவான எஃகு அச்சுகளின்மேல் ஸ்னிஸைக் கொட்டி இறுகவிடுகின்றனர். பின்னர் அச்சை உருவிவிட, வளைந்த கூரை தனித்து நிற்கிறது. தூணும் இரும்பும் தாங்காத சுமையை அந்த வளைவின் வடிவமே தாங்கிக்கொள்கிறது.

அதன் பிறகே கலைஞர்கள் வருகின்றனர். உலகின் பல நாடுகளிலிருந்து வரைபடங்களோடு விண்ணப்பிப்பவர்களுள் சிலரே தேர்வு பெறுகின்றனர். பனியில் முன்பின் உளி பிடித்திராதவரும் அவர்களுள் உண்டு. கட்டடக் கலைஞர், மேடை அமைப்பாளர், ஓவியர் எனப் பலர். சில வாரங்களுக்குள் பணியை முடித்தாக வேண்டும். டிசம்பரின் பெரும்பகுதியில் அங்குக் கதிரவன் அடிவானத்திற்கு மேல் வருவதே இல்லை. தொடரறுவையால் வெட்டிய பனிக்கட்டியின் பரப்பு கீறல்களால் வெளுத்துப்போயிருக்கும். அதைத் தேய்த்து மழமழப்பாக்கி, இறுதியில் சிறிது வெப்பம் காட்டினால் மட்டுமே தெளிவு திரும்பும். கல்லில் செதுக்குபவருக்குக் காலம் துணை. பனியில் செதுக்குபவருக்குக் காலமும் ஓர் எதிரி.

அந்த எதிரியைத் தடுத்து நிறுத்தும் முயற்சியாக 2016-இல் தோன்றியதே ஆண்டு முழுவதும் நிற்கும் இக்கூடம். கோடையில் மறையாத கதிரவனின் ஒளியைச் சூரியத் தகடுகள் மின்னாற்றலாக்குகின்றன. அம்மின்னாற்றல் குளிரூட்டும் பொறிகளை இயக்குகிறது. பனியை உருக்க வேண்டிய வெயிலே பனியைக் காவல் காக்கிறது. நுட்பமான ஏற்பாடுதான். ஆயினும் இதில் ஓர் இழப்பும் இருக்கிறது. உருகிவிடும் என்று தெரிந்து பார்க்கும் சிற்பத்தையும், நாளையும் இருக்கும் என்று தெரிந்து பார்க்கும் சிற்பத்தையும் கண்கள் ஒரே வகையில் பார்ப்பதில்லை. பருவ விடுதிக்கு வருபவர் ஒரு விடைபெறுதலுக்கு வருகிறார். கூடத்திற்கு வருபவர் அருங்காட்சியகத்திற்கு வருகிறார்.

பொறி காத்தாலும் பனி முழுமையாக நிலைப்பதில்லை என்பதே உண்மை. சுழியத்துக்குக் கீழும் பனிக்கட்டி உருகாமலே நேரடியாக ஆவியாகும். பதங்கமாதல் எனப் பாடநூல்கள் சொல்வது இதைத்தான். இதனால் கூர்மையான விளிம்புகள் நாளடைவில் மழுங்குகின்றன; பறவையின் அலகு உருண்டு போகிறது. தன் எடையாலேயே பனி மிக மெல்ல நகர்வதால் வளைகூரைகளும் சிறிது சிறிதாகத் தாழ்கின்றன. அருகிலுள்ள கிருனாவிலும் இந்நிலையாமையின் வேறொரு வடிவத்தைக் காணலாம். சுரங்கம் தோண்டத்தோண்ட நகரத்தின் அடிநிலம் தளர்வதால், நகரமே இடம்பெயர்ந்துகொண்டிருக்கிறது. 1912-இல் கட்டிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் அப்படியே ஊர்தியில் ஏற்றி 5 கிலோமீட்டர் நகர்த்தி வைத்தனர்.

கட்டிலின்மேல் கிடக்கும் கலைமான் தோலுக்கு மீண்டும் வருவோம். கூடத்தின் எல்லாப் பொருள்களுள்ளும் அந்நிலத்தின் பழைய வாழ்வோடு நேரடியாகத் தொடர்புடையது அதுவே. ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, ரஷ்யா ஆகியவற்றின் வடபகுதிகளில் வாழும் தொல்குடியினர் சாமி இனத்தவர். அவர்களுள் ஒரு பகுதியினர் இன்றும் கலைமான் மேய்ப்பவர்கள். தமிழில் புல்நுனியில் நிற்பதும் பனி, மார்கழிக் காலையை மறைப்பதும் பனி, இமயத்தில் குவிவதும் பனி. சாமி மொழிகளிலோ வெண்பனியின் தன்மைக்கும் நிலைக்கும் ஏற்ப மிகப் பல சொற்கள் உண்டு. அடியில் மணல்போல் உதிரும் பனிக்கு ஒரு சொல்; மேய்ச்சல் நிலத்தை மூடிய இறுகிய பனிக்கட்டிப் படலத்திற்கு வேறொரு சொல். முன்னது இருந்தால் கலைமான் குளம்பால் எளிதாகத் தோண்டி, அடியிலுள்ள பாசிக்காளானைத் தின்னும். பின்னது படர்ந்துவிட்டால் தோண்ட முடியாது. உணவு காலடியிலேயே இருக்க, மந்தை பட்டினி கிடக்கும்.

குளிர்காலத்தின் நடுவே வெப்பம் உயர்ந்து, வெண்பனியின்மீது மழை பெய்து, மீண்டும் உறையும்போது இப்படலம் உண்டாகிறது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளதாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது. மழை பனியோடு சேரும் குளிர்காலங்களில் மேய்ப்பவர்கள் மந்தைக்குத் தீவனத்தை விலைக்கு வாங்கி ஊட்டவேண்டியிருக்கிறது; அல்லது தொலைவிலுள்ள காடுகளுக்கு ஓட்டிச் செல்லவேண்டியிருக்கிறது. கூடத்தின் உள்ளே ஒளி ஊடுருவி வியப்பூட்டும் அதே பனிக்கட்டி, வெளியே சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தின்மேல் பூட்டாகிக் கிடக்கலாம். கூடத்தைச் சுற்றிப் பார்ப்பவர் இதை அறியாமலே திரும்பவும் கூடும். அறிந்தவருக்கு அந்தத் தோலின் தொடுகை வேறாக இருக்கும்.

ஏப்ரலில் பகல் நீள்கிறது. பருவ விடுதியின் சுவர்கள் முதலில் பளபளக்கின்றன, பிறகு வியர்க்கின்றன. சிற்பங்களின் முகங்கள் அடையாளம் இழக்கின்றன. விருந்தினரை நிறுத்திவிட்டு வாயிலை அடைக்கின்றனர். பிறகு கூரை தளர்ந்து விழ, உருகிய நீர் சிறு ஓடைகளாகச் சரிவில் இறங்கி டோர்னவில் கலந்து போத்னியா வளைகுடாவை நோக்கி ஓடுகிறது.

ஆனால் அதற்கு முன்பே, மார்ச் மாதத்தில், விடுதியில் இன்னும் விருந்தினர் துயின்றுகொண்டிருக்கும்போதே, ஆற்றின்மேல் அறுவைப் பொறிகள் இறங்கிவிடுகின்றன. உறைபரப்பின்மேலுள்ள வெண்பனியை அகற்றி, கோடிட்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 டன் எடையுள்ள கட்டிகளாக அறுத்து, நீரிலிருந்து தூக்கிக் கரையேற்றுகின்றனர். வெட்டிய இடத்தில் கருநீர் ஓடுவது சிறிது நேரம் தெரிகிறது. கட்டிகள் கோடையைக் கழிக்கக் குளிர்கிடங்குக்குச் செல்கின்றன. அடுத்த குளிர்காலத்தில் அவை என்னவாகும் என்பதை வரைய வேண்டிய கலைஞர்கள் பலர் இன்னும் விண்ணப்பத்தாளைக்கூட நிரப்பியிருக்க மாட்டார்கள்.