மூன்றாவது கை

விமானத்தைச் சொந்தமாகக் கட்டுகிறவர்களிடம் எஞ்சினைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். பெயின்ட் பற்றிக் கேட்டால் பொழுது சாய்ந்துவிடும். டிரிம் பற்றி யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஆனால் பறக்கத் தொடங்கிய பிறகு விரல் ஓயாமல் தேடுவது அதைத்தான்.

டிரிம் இல்லாமலும் பறக்கலாம். வேகம் மாறும்போதும், ஃபிளாப் இறக்கும்போதும், பக்கத்து இருக்கையில் ஆள் ஏறும்போதும், எரிபொருள் தீரத் தீரவும் விமானத்தின் மூக்கு மேலே போகப் பார்க்கும், அல்லது கீழே குனியும். அதை நேராக வைத்திருக்க ஸ்டிக்கை இழுத்தோ தள்ளியோ பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஹேண்டில்பாரின் ஒரு பக்கம் தண்ணீர்க் குடத்தைத் தொங்கவிட்டு சைக்கிள் மிதிப்பது மாதிரி. போய்ச் சேர்ந்துவிடலாம், மணிக்கட்டுதான் கெஞ்சும்.

அந்த வேலையை வால் பக்கம் இருக்கும் ஒரு சின்னத் தகடு செய்கிறது. மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையான எலிவேட்டரின் பின்விளிம்பில் கீல் வைத்துப் பொருத்திய தகடு அது; அதுதான் டிரிம். தகடு கீழே இறங்கினால் காற்று அதை மேலே தள்ளும், அதோடு சேர்ந்து எலிவேட்டரும் மேலே போகும், மூக்கு உயரும். மனிதக் கையால் தள்ள முடியாததைக் காற்றையே தள்ள வைக்கும் இந்த உத்திக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஆன்டன் ஃபிளெட்னரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாய்க்குப் பதிலாகச் சுழலும் உருளைகளைக் கப்பலில் நிறுத்தி, 1926இல் அதை அட்லாண்டிக் தாண்ட வைத்தவரும் அவர்தான். காற்றிடம் வேலை வாங்கத் தெரிந்த மனிதர்.

நான் கட்டியது வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி-7. ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வன் 1973இல் தொடங்கிய கம்பெனி; அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அரோரா என்னும் ஊரில் இருக்கிறது. இருவர் அருகருகே உட்காரும் அலுமினிய விமானம். டிரிமுக்கு இரண்டு வழி கொடுக்கிறார்கள். ஒன்று, கையால் திருகும் குமிழும் வால் வரை போகும் கேபிளும். இன்னொன்று, மின் மோட்டார். குமிழ்க்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேட்டரி செத்தாலும் குமிழ் வேலை செய்யும், தானாக ஓடிப்போகாது. நான் மோட்டார் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் உட்காரும் இடம்தான். ஓட்டுநர் இருக்கை இடப்புறம், த்ராட்டில் நடுவில். ஆகவே இடது கை ஸ்டிக்கில், வலது கை த்ராட்டிலில். இறங்கும் நேரத்தில் குமிழைத் திருக வேண்டுமானால் த்ராட்டிலை விட வேண்டும். பொத்தான் ஸ்டிக்கின் தலையிலேயே இருந்தால் இடது கட்டைவிரலே மூன்றாவது கையாகிவிடும்.

மோட்டார் கையடக்கமானது. ஒரு சிறு கம்பியை முன்னும் பின்னும் நகர்த்துவது மட்டும்தான் அதன் வேலை. முழு ஓட்டமே ஓர் அங்குலத்தை ஒட்டித்தான். ஐந்து வயர்கள் வெளியே வரும். இரண்டு மோட்டாருக்கு, மூன்று தகடு எங்கே நிற்கிறது என்று சொல்ல. மோட்டாரை இடது எலிவேட்டருக்குள் வைத்து மூடியோடு திருக வேண்டும். எலிவேட்டர் ஆடும் பொருள் என்பதால் வயர் உடம்பிலிருந்து அதற்குள் தாண்டும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். இழுத்துக் கட்டினால் ஆயிரக்கணக்கான முறை மடங்கி ஒருநாள் உள்ளே அறுந்துபோகும்.

மோட்டாரின் எடைக்கும் கணக்கு உண்டு. அது எலிவேட்டர் கீலுக்குப் பின்னால் உட்காருகிறது. கீலுக்கு முன்னால் ஈயக் கட்டி வைத்து எடையைச் சமன் செய்யாவிட்டால் அதிவேகத்தில் எலிவேட்டர் படபடக்கத் தொடங்கலாம். படபடப்பு தொடங்கினால் வால் தாங்குமா என்பதெல்லாம் நொடிகளில் தெரிந்துவிடும். தகட்டின் இணைப்பில் விரலால் ஆட்டினால் ஆடும் அளவுக்குத் தளர்வு இருந்தாலும் அதே பயம்தான். மின்சார வேலை என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இயந்திர வேலையில்தான் நாள் கழிப்பார்கள்.

வயரிங் முடிந்ததும் ஒருவர் காக்பிட்டில் உட்கார்ந்து பொத்தானை அழுத்த, இன்னொருவர் வாலுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ‘மூக்கு மேலே’ என்று அழுத்தினால் தகடு கீழே இறங்க வேண்டும். புதிதாகப் பார்க்கிறவர்கள் ‘தலைகீழாக இருக்கிறது’ என்று கூவுவார்கள். கூவ விட்டு, எலிவேட்டரைக் கையால் பிடித்துக் காற்று என்ன செய்யும் என்று காட்ட வேண்டும். மோட்டாரின் இரண்டு வயர்களை மாற்றிவிட்டால் திசை மாறிவிடும். அதனால்தான் இந்தச் சோதனையைத் தரையிலேயே முடிக்க வேண்டும்.

என் கவலையெல்லாம் வேகத்தில்தான் இருந்தது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 80 மைலில் இறங்கும் விமானம் 180 மைலில் பயணம் போகும்போது, தகட்டின் அதே சின்ன நகர்வு ஐந்து மடங்கு பலத்தோடு ஸ்டிக்கில் தெரியும். தரையை நெருங்கும்போது ‘எவ்வளவு மெதுவாக நகர்கிறது’ என்று தோன்றும் அதே மோட்டார், மேலே பயணத்தில் ஒரு தட்டுக்கு மூக்கைத் தூக்கிக் காட்டும். ஆகவே நடுவில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை வைத்து, மோட்டாரை மெதுவாக்கினேன். மோட்டார் வேகமாக ஓடுவதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

பொத்தானோ ரிலேயோ ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காமல் கடைசி வரை ஓடிவிடும். அதற்காக ஒரு ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர், கை எட்டும் இடத்தில், பார்க்காமலே பிடித்து இழுக்கக்கூடியதாக. முதல் காரியம் ஸ்டிக்கைப் பிடித்துக்கொள்வது, அடுத்தது வேகத்தைக் குறைப்பது, பிறகு பிரேக்கர். வேகம் குறைந்தால் அந்த ஐந்து மடங்கு பலமும் குறைந்துவிடும். அமெரிக்காவில் வீட்டில் கட்டிய விமானங்களுக்குப் பயணிகளை ஏற்றாத சோதனைக் காலம் ஒன்று உண்டு, பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம். அதில் நல்ல உயரத்துக்குப் போய், மெதுவான வேகத்தில் டிரிமை ஒரு முனை வரை ஓடவிட்டு, ஒரு கையால் தாங்க முடிகிறதா என்று பார்த்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினேன். தாங்க முடிந்தது, தோள் வலித்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் சோதனைக் காலம் முடிந்தது என்று புத்தகத்தில் எழுதுகிறவர்களை எனக்குப் புரியவில்லை.

பறக்கும்போது கட்டைவிரலுக்கு ஒரு கெட்ட புத்தி வரும். ஸ்டிக்கை அசைக்காமல் பொத்தானாலேயே விமானத்தை ஓட்டப் பார்க்கும். அப்படிச் செய்தால் மூக்கு ஏறி இறங்கி ஏறி, பக்கத்தில் இருப்பவர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். முதலில் ஸ்டிக்கால் மூக்கை வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேகம் நிலைக்கும் வரை பொறுத்து, பிறகு கையில் மிச்சமிருக்கும் கனத்தை மட்டும் பொத்தானிடம் கொடுக்க வேண்டும். டிரிம் பிடித்துவைப்பது உயரத்தை அல்ல, வேகத்தை. எஞ்சினைக் குறைத்தால் விமானம் ஏறக்குறைய அதே வேகத்தில் மெல்லக் கீழே இறங்கத் தொடங்கும்.

வலது இருக்கைக்கும் ஒரு ஸ்டிக் உண்டு. அதிலும் பொத்தான் வைக்கலாம். இரண்டு பேர் எதிரெதிராக அழுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்து அதற்கு ரிலே போட வேண்டும். நான் அங்கே பொத்தானே வைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி இருக்கிறது, அவ்வளவுதான். ஏறி உட்காருகிறவர்கள் எல்லோரும் அதை அழுத்திப் பார்க்கிறார்கள். சிலர் விமானம் கொஞ்சம் அசைந்ததாகக்கூடச் சொல்கிறார்கள்.