எட்டுப் புள்ளிகள் பெற்றவர்கள்



வென்றவர்களின் வரலாறுகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கும் அவற்றையே சொல்லி வளர்க்கிறோம். இம்முறை, தோல்விக்காகவே பெயர் பெற்றுவிட்ட ஒரு குழுவின் கதையை உங்கள் முன் வைக்க விழைகிறேன். நான் விளையாட்டு வீரன் அல்லன்; ஆட்ட நுணுக்கங்களை அறிந்தவனும் அல்லன். ஆயினும், டாஸ்மானியா பெர்லின் என்னும் கால்பந்துக் கழகம் ஜெர்மனியின் முதல்நிலைப் போட்டியில் ஆடிய அந்த ஓராண்டுக் கணக்கைப் படிக்குந்தோறும், நம் இல்லங்களைப் பற்றிய நினைவே என் உள்ளத்தில் மேலோங்குகிறது.

1961ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெர்லின் நகரின் நடுவே சுவர் எழுந்ததை நீங்கள் அறிவீர்கள். அதன் பின் மேற்கு பெர்லின், நாலாபுறமும் கிழக்கு ஜெர்மனியால் சூழப்பட்ட தனித் தீவைப் போலாயிற்று. 1963இல் மேற்கு ஜெர்மனியில் 'புண்டெஸ்லீகா' என்னும் முதல்நிலைக் கால்பந்துப் போட்டி தொடங்கியபோது, அந்நகரின் சார்பில் ஹெர்த்தா கழகம் இடம்பெற்றது. விதிகள் அனுமதித்ததைவிட மிகுதியாக வீரர்களுக்குப் பணம் கொடுத்தது என்ற குற்றத்துக்காக, 1965இல் ஹெர்த்தாவின் உரிமம் பறிக்கப்பட்டது.

ஆனால், பெர்லின் இல்லாத ஒரு ஜெர்மானியப் போட்டியா? அன்றைய அரசியல் சூழலில் அதை எவரும் விரும்பவில்லை. பெர்லின் வட்டாரப் போட்டியில் முதலிடம் பெற்ற கழகம், மேல்நிலைக்கான தகுதிச் சுற்றில் ஏற்கெனவே தோற்றிருந்தது. இரண்டாமிடம் பெற்ற கழகம் வாய்ப்பை ஏற்க மறுத்தது. எனவே, மூன்றாமிடத்தில் இருந்த டாஸ்மானியாவுக்கு அழைப்பு வந்தது. போட்டி தொடங்கச் சில வாரங்களே எஞ்சியிருந்தன. அதே வேளையில் கழகங்களின் எண்ணிக்கை 16இலிருந்து 18ஆக உயர்த்தப்பட்டது. இதனால் முந்தைய ஆண்டில் கடைசி இரு இடங்களைப் பெற்ற கார்ல்ஸ்ரூவும் ஷால்கேயும் கீழிறங்காமல் தப்பின.

1965 ஆகஸ்ட் 14 அன்று முதல் ஆட்டம். ஒலிம்பிக் அரங்கில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். கார்ல்ஸ்ரூவை 2–0 என டாஸ்மானியா வென்றது. நகரமே மகிழ்ந்தது. அதன் பின் நடந்தது என்ன? தொடர்ந்து 31 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூடக் கிட்டவில்லை. 1966 மார்ச்சில் மைடெரிஷ் கழகத்திடம் சொந்த அரங்கிலேயே 0–9 எனத் தோற்றனர். மே 21 அன்று நொயின்கிர்ஷனை 2–1 என வென்றபோதுதான் அந்தத் தொடர் முடிவுக்கு வந்தது. ஆண்டின் இறுதிக் கணக்கு இதுதான்: 34 ஆட்டங்கள், 2 வெற்றி, 4 சமநிலை, 28 தோல்வி, போட்ட கோல்கள் 15, வாங்கியவை 108, வெற்றிக்கு இரு புள்ளிகள் என்ற அன்றைய முறைப்படி மொத்தம் 8 புள்ளிகள். இதைவிடத் தாழ்ந்த கணக்கை இன்றுவரை அப்போட்டியில் எவரும் பெற்றதில்லை.

வாசகர்களே, இந்த எண்களைச் சொல்லி நகைப்பவர்கள் அநேகர். ஆனால் நான் உங்களைக் கேட்கிறேன்: இது யாருடைய தோல்வி? விதியை மீறியது ஹெர்த்தா. நகரின் மதிப்பைக் காக்க நினைத்தவர்கள் போட்டியின் பொறுப்பாளர்கள். விலை கொடுத்தவர்களோ, தயாராவதற்கு அவகாசமே தரப்படாத அந்த ஆட்டக்காரர்கள். ஹெர்த்தா 1968இல் மீண்டும் முதல்நிலைக்கு வந்துவிட்டது. டாஸ்மானியாவோ 1973இல் கடனில் மூழ்கித் திவாலானது. அதன் பெயரைத் தாங்கி வேறொரு கழகம் பின்னர் தோன்றியது. எனினும் முதல்நிலைக்கு அப்பெயர் திரும்பவே இல்லை.

நம் வீடுகளிலும் இது நிகழ்வதில்லையா? குடும்பத்தின் மதிப்புக்காக, பிள்ளையின் ஆயத்தம் பாராமல் பெரிய பள்ளியில் சேர்க்கிறோம். அவன் விரும்பாத படிப்பில் அமர்த்துகிறோம். மதிப்பெண் குறைந்தால், விருந்தினர் முன்னிலையில் அவனையே குற்றவாளியாக நிறுத்துகிறோம். இடத்தைத் தேர்ந்தவர்கள் நாம். ஏச்சைக் கேட்பவன் அவன். இந்த அநீதியை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

அந்தக் கணக்கில் என் நெஞ்சைத் தொட்ட ஒரு நாள் உண்டு. 1966 ஜனவரி 15. எதிரே நின்றது மொன்ஷென்கிளாட்பாக். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மனியின் வாகையராகப் போகும் கழகம். முதல் நாள் திரண்ட கூட்டம் எங்கே? அந்த மாபெரும் அரங்கில் அன்று அமர்ந்திருந்தவர்கள் வெறும் 827 பேர். நகரம் கைவிட்டுவிட்ட அந்நாளில் டாஸ்மானியா தோற்கவில்லை! ஒரு கோலும் விடாமல், ஆட்டத்தை 0–0 எனச் சமநிலையில் முடித்தது. வெற்றி வராது என்று ஊரே முடிவுகட்டிய பின்னரும் களத்தில் இறங்கித் தம் கடமையைச் செய்தார்களே, அதற்கு எந்தப் பட்டியலில் புள்ளி வழங்குவது?

காலம் ஒரு விந்தையையும் காட்டியது. 1965இல் தப்பிப் பிழைத்த அதே ஷால்கே, வெற்றியே இல்லாமல் 30 ஆட்டங்களை ஆடி, டாஸ்மானியாவின் எண்ணிக்கையை எட்டும் நிலைக்கு வந்தது. 2021 ஜனவரி 9 அன்று ஹோஃபன்ஹைமை 4–0 என வென்று அந்த இழிபெயரிலிருந்து தப்பியது. எனினும் அவ்வாண்டின் முடிவில் கடைசி இடமே அதற்குக் கிட்டியது. செல்வமும் பெயரும் ஆயத்தமும் உள்ளவர்களுக்கும் சறுக்கல் வரும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

உங்கள் வீட்டில் தளர்ந்து திரும்பும் பிள்ளை ஒன்று இருக்கலாம். தொழிலில் நொடித்த தம்பி ஒருவர் இருக்கலாம். முதல் நாள் வெற்றியின்போது 80 ஆயிரம் பேராகக் கூடி நிற்பது எளிது. குளிர்ந்த ஜனவரியில் வந்த அந்த 827 பேரில் ஒருவராக இருப்பதே அன்பின் அடையாளம். நீங்கள் அவர்களுள் ஒருவராக இருங்கள்.