அடிப்பாகம் மட்டும் அசல்

விற்பனை பில்லில் ஒரே வரிதான் இருந்தது: "நீல வெள்ளைக் குடுவை, யுவான் வம்சம், 14ஆம் நூற்றாண்டு." பினாங்கு உயர்நீதிமன்றத்தில் நான் நடத்திய அந்த வழக்கு முழுக்க இந்த ஒரு வரியைச் சுற்றியே நடந்தது. வாங்கியவர் உயிரோடு இல்லை. அவருடைய மனைவி, எழுபதைத் தாண்டிய நியோன்யா குடும்பத்துப் பெண்மணி (பாபா-நியோன்யா என்பது இந்தப் பகுதியில் தலைமுறைகளாக வேரூன்றிய சீன வம்சாவளிச் சமூகம்), கணவரின் சொத்து நிர்வாகி என்ற முறையில் கடைக்காரர்மேல் வழக்குப் போட்டார். ஜார்ஜ் டவுனில் எல்லோருக்கும் அவர் 'ஆன்ட்டி'தான். எனக்கும் அப்படியே.

கணவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு மேலாக நியோன்யா பீங்கான் சேர்த்திருந்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் பாபாக் குடும்பங்கள் கல்யாணத்துக்கென்று சீனாவின் ஜிங்டெசென் சூளைகளிலிருந்து வரவழைத்த சாமான்கள் அவை. இளஞ்சிவப்பும் பச்சையுமாகப் பீனிக்ஸ் பறவை, பியோனிப் பூ. மூடி போட்ட கம்செங் ஜாடிகள், தட்டுகள், கிண்ணங்கள். வாங்கிய ஒவ்வொன்றுக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார். வண்ணம் எங்கே தேய்ந்திருக்கிறது, மூடி அதே ஜாடிக்குரியதா, அடியில் எந்தக் கடையின் முத்திரை, தனக்கு என்ன சந்தேகம் என்று எல்லாம் எழுதியிருந்தார்.

கடைசியாக வாங்கியதுதான் அந்தக் குடுவை. 2005 ஜூலையில் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் யுவான் காலத்து நீல வெள்ளை ஜாடி ஒன்று 1 கோடியே 56 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதன்பிறகு யுவான் என்ற பேரைக் கேட்டாலே சேகரிப்பவர்களுக்கு ஒரு பரபரப்பு. அந்தச் சமயத்தில்தான் கடைக்காரர் இந்தக் குடுவையை, ஓர் ஆய்வகச் சான்றிதழோடு கொண்டுவந்து காட்டினார். ஆசிரியர் தன் அப்பா விட்டுப்போன கடைவீட்டை விற்று அதை வாங்கினார். அவர் இறந்தபின், மூன்று வருஷம் கழித்து, ஏலக் கம்பெனி ஒன்று அதைத் தொட்டுப் பார்த்ததோடு சரி, எடுத்துக்கொள்ளவில்லை.

மலேசிய சரக்கு விற்பனைச் சட்டம் 1957இன் 15ஆவது பிரிவு எங்களுக்கு அடிப்படை. இந்தியாவின் 1930ஆம் வருஷச் சட்டத்திலும் இதே எண்தான். வருணனை சொல்லி விற்ற பொருள் அந்த வருணனைக்குப் பொருந்த வேண்டும். எதிர்த்தரப்பு வலுவான ஒரு லண்டன் மேல்முறையீட்டுத் தீர்ப்பைக் கொண்டுவந்தது. ஹார்லிங்டன் வழக்கு என்று சொல்வோம். அங்கே ஓர் ஓவியத்தை விற்றவர் எனக்கு இந்தத் துறை தெரியாது என்று சொல்லிவிட்டார். வாங்கியவர்களோ அந்தத் துறையில் வியாபாரம் செய்பவர்கள். ஓவியம் போலி என்று பின்னால் தெரியவந்தும், ஓவியர் பெயர் பில்லிலேயே இருந்தும், வருணனையை நம்பி நடந்த விற்பனை அல்ல என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். "இறந்தவர் பெரிய சேகரிப்பாளர், கனம் நீதிபதி அவர்களே. வீட்டில் இருக்கும் அத்தனையும் அசல். தன் கண்ணை நம்பி வாங்கினார், என் கட்சிக்காரரின் பில்லை அல்ல" என்று வாதம். சேகரிப்பு நன்றாக இருப்பதையே எங்களுக்கு எதிராகத் திருப்பினார்கள். அந்த மனிதரின் அத்தனை வருஷ உழைப்பு அவர் மனைவிக்கே பாதகமாகும் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பதில் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. கம்செங் ஒன்றுக்கு ஒரு பக்கம் நிறைய அவருடைய சொந்தத் தீர்மானம். யுவான் குடுவைக்கோ சான்றிதழ் எண், தேதி, "கடைக்காரர் உறுதி சொல்கிறார்" என்ற வாக்கியம், அவ்வளவே. இறந்தவரின் எழுத்தைச் சாட்சியமாக்கக் கடும் ஆட்சேபணை வந்தது. அவர் மனநிலையைக் காட்டும் அளவுக்கு மட்டும் நீதிபதி ஏற்றார். எனக்கு அது போதும். நூறு வருஷச் சாமானைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அறுநூறு வருஷச் சாமானில் புதியவர். தெரியாத இடத்தில் அடுத்தவர் சொல்லை நம்பினார்.

இனிப் போலி என்று நிரூபிக்க வேண்டும். அந்தச் சான்றிதழைத் தாண்டியாக வேண்டும். களிமண்ணில் உள்ள தாதுத் துகள்கள் காலம் போகப் போக இயற்கைக் கதிர்வீச்சைச் சேர்த்து வைக்கும். சூளையில் சுடும்போது அந்தச் சேமிப்பு அழிந்து, அன்றிலிருந்து மறுபடி தொடங்கும். சிறு துணுக்கைக் குடைந்து எடுத்துச் சூடாக்கினால் வெளிவரும் மங்கலான ஒளியை அளந்து, கடைசியாகச் சுட்டு எவ்வளவு காலம் என்று, சுமார் 20 சதவீதம் முன்பின்னாகச் சொல்லலாம். தெர்மோலூமினசென்ஸ் என்பது இதுதான். சான்றிதழ் பொய் சொல்லவில்லை. அதைத்தான் முதலில் நாங்கள் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் தரப்புப் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர் ஒரு பெண். குடுவையை ஆன்ட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்துக் கவிழ்த்து வைத்தார். அடிவளையம் மெருகில்லாமல், மெருகு முடியும் ஓரத்தில் ஆரஞ்சு நிறம் ஓடி, பார்க்க அருமையாக இருந்தது. "இது அசல்தான்," என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு குடுவையை நிமிர்த்தி மேலே கொண்டுபோனார். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த கோபால்ட்டில் இரும்பு அதிகம். நீலம் திரளும் இடத்தில் கறுத்த புள்ளிகள் தானாக விழும். இதிலும் புள்ளிகள் இருந்தன. ஆனால் பியோனி இதழ் ஒவ்வொன்றிலும் ஒரே இடைவெளியில், தூரிகை நுனியால் வைத்ததாக இருந்தன. 1351 என்று ஆண்டு எழுதப்பட்ட, பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஜோடிக் குடுவைகளின் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழக்கமில்லாத எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

அடுத்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் புற ஊதா விளக்கைப் போட்டார். அடியைச் சுற்றித் தாமரை இதழ் வரிசை வரையப்பட்டிருந்த இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு வளையம் பால்போல் வெளிறி ஒளிர்ந்தது. எக்ஸ்ரேயும் அதே இடத்தில் கோடு காட்டியது. உடைந்த பழைய குடுவை ஒன்றின் அடியை எடுத்து, புதிதாகச் செய்த உடலைப் பிசினால் ஒட்டி, மேலே நிறம் பூசியிருக்கிறார்கள். மறுபடி சூளையில் வைத்து இணைத்திருந்தால் அடிப்பாகத்தின் வயது அழிந்து சோதனையில் தெரிந்துவிடும். அதனால்தான் சுடாமல் ஒட்டியது. சோதனை எப்படி நடக்கும், துணுக்கை எங்கே குடைவார்கள் என்று நன்கு தெரிந்தவன் வேலை அது.

எதிர்த்தரப்பு நிபுணர், முன்னாள் வியாபாரி, சாட்சிக் கூண்டில் சான்றிதழையே திரும்பத் திரும்பச் சொன்னார். குறுக்கு விசாரணையில் நான் நீட்டி முழக்கவில்லை.

"மாதிரி எங்கிருந்து எடுத்தது?"

"அடிவளையத்திலிருந்து என்று போட்டிருக்கிறது."

"கழுத்திலிருந்து?"

"இல்லை."

"உடலிலிருந்து?"

"அப்படி எடுப்பது வழக்கமில்லை. சாமான் கெட்டுவிடும்."

"அப்படியானால் இந்தக் கோட்டுக்கு மேலே உள்ள பாகத்தைப் பற்றி இந்தத் தாள் என்ன சொல்கிறது?"

எக்ஸ்ரேயைக் கையில் கொடுத்திருந்தேன். அவர் நேர்மையானவர் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒன்றும் சொல்லவில்லை," என்றார்.

மதிய இடைவேளைக்குப் பின் எதிர்த்தரப்பு பேச்சுவார்த்தைக்கு வந்தது. முழுப் பணத்தையும் தருகிறோம், குடுவையைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். இறந்தவரின் வாரிசுகள் சம்மதம் என்றார்கள். நானும் கட்சிக்காரருக்கு அதுவே லாபம் என்று எடுத்துச் சொன்னேன். சொல்வது என் கடமை. ஆன்ட்டி கேட்டது ஒன்றே ஒன்று: "கொடுத்தால் என்ன செய்வார்கள்?" நான் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. பொருளை வைத்துக்கொண்டு நஷ்டஈடு கேட்டால், கையில் இருக்கும் பொருளின் மதிப்பைக் கழித்துத்தான் கிடைக்கும். அந்தப் பழைய அடிப்பாகத்துக்கும் சந்தையில் ஒரு விலை உண்டு என்று எதிர்த்தரப்பு அடம்பிடித்தது. அதையும் விட்டுக்கொடுத்து, குறைந்த தொகைக்குச் சம்மதத் தீர்ப்பு எழுதிக்கொண்டோம். குடுவை எங்களிடமே இருக்கும் என்பது முதல் ஷரத்து. அதை யாருக்கும் விற்பதில்லை என்று ஆன்ட்டி தாமாகவே சேர்க்கச் சொன்னது இரண்டாவது.

பிசினைக் கரைத்து இரண்டாகப் பிரித்து, பழைய அடியையும் புதிய உடலையும் எக்ஸ்ரேயோடு சேர்த்து அந்த வல்லுநரிடமே ஆன்ட்டி கொடுத்துவிட்டார். தம்மிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அவர் முதலில் அடியைத்தான் கையில் கொடுப்பாராம்.