நிற்கும்போது வரும் உதறல்

காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிடுவேன். வண்டி எப்படி இருக்கிறது என்பதைக் காதுக்கு முன்னால் உள்ளங்கால் சொல்லிவிடும் என்பது சித்தப்பா பாடம். அக்கா மகன் வாங்கியிருக்கும் ஹைபிரிட்டில் அந்தப் பாடம் பாதி வழியில் நின்றுபோனது. தாம்பரத்தில் கிளம்பியபோது காலுக்கடியில் ஒன்றுமே இல்லை. வண்டி நகர்ந்ததே, கடைகள் பின்னால் போவதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

எந்தக் கம்பெனி என்பது கிடக்கட்டும். ஒன்றரை லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், கூடவே மோட்டார், பேட்டரி. பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டினோம். மே மாத வெயில், ஏசி முழு மூச்சில் ஓடியது. நின்றுகொண்டே இருந்தபோது, யாரும் எதையும் மிதிக்காமல், தரை சிலிர்த்தது. கியர் பக்கத்திலிருந்த தண்ணீர் பாட்டில் நடுங்கியது. ஸ்டீயரிங்கில் கை வைத்திருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

“இதத்தான் மாமா போன்ல சொன்னேன். ஓடும்போது வெண்ணெய். நின்னா உதறுது. சர்வீஸ்ல கேட்டா ‘நார்மல் சார்’ங்கறான்.”

சித்தப்பா கும்பகோணம் ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி போட்டிருந்தார். அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல், நான்கு சிலிண்டர். அதில் உதறல் ஒரு புகாராகவே இருந்ததில்லை. வண்டி உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி. கியர் ராடு ஸ்டீயரிங் தண்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். ஐடிலிங்கில் அதன் குமிழ் ஆடும் விதத்தை வைத்தே, “பாயிண்ட் தேய்ஞ்சிருக்கு”, “ஒண்ணு மிஸ் ஆவுது” என்று சொல்லிவிடுவார். அப்புறம் பானட்டைத் தூக்கி, ஓடுகிற என்ஜினில் ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கிப் பார்ப்பார். வயரைப் பிடுங்கினதும் என்ஜின் தள்ளாடினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. பிடுங்கியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஏற்கெனவே செத்துக் கிடப்பது அதுதான். ஸ்க்ரூடிரைவர் நுனியை என்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோர எலும்பில் அழுத்திக் கேட்பதும் உண்டு. அந்த நேரத்தில் பயணி யாராவது அவசரப்படுத்தினால் பதில் வராது.

ஒரு பிளக் செத்த வண்டிக்கு ஸ்டாண்டில் பேர், ‘மூணுல ஓடுது’. மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்த முதல் சில வண்டிகளில் ஒன்றை, மருந்துக்கடைக்காரருடையது என்று நினைவு, ஸ்டாண்டுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சித்தப்பா பானட்டைத் திறக்கச் சொல்லி பிளக்குகளை எண்ணினார். மூன்று. 796 சிசியில் மூன்றே சிலிண்டர்.

“என்னண்ணே, பொறக்கும்போதே ஒண்ணு செத்துப்போச்சா?” என்று பக்கத்து டிரைவர் கேட்டது மாதக்கணக்கில் அந்த ஸ்டாண்டில் ஓடியது.

கேலியாகச் சரி, கணக்காகச் சரியில்லை. நான்கில் ஒன்று செத்தால் அடி, அடி, அடி, வெற்றிடம் என்று நொண்டும். பிறவியிலேயே மூன்றாக இருப்பது நொண்டாது. 240 டிகிரிக்கு ஒரு அடி, ஒழுங்காக விழும். அதன் சிக்கல் வேறு இடத்தில். மூன்று பிஸ்டன்களின் ஏற்ற இறக்கமும் மொத்தத்தில் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் இல்லையே, வரிசையாக நிற்கின்றனவே. அதனால் ஏற்றமரத்தில் ஆள் முன்னும் பின்னும் நடக்கும்போது மரம் சாய்வதுபோல, என்ஜினின் இரு முனைகளும் மாறி மாறித் தலையாட்டும். போதாக்குறைக்கு அடிகளும் குறைவு. 900 சுற்றில் நான்கு சிலிண்டர் நொடிக்கு 30 முறை வெடிக்கும். மூன்று சிலிண்டர் 22, 23 முறைதான். அடி குறையக் குறைய ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். சீட்டும் ஸ்டீயரிங்கும் அந்தத் தாளத்துக்கு எளிதில் சேர்ந்து ஆடும்.

நான்கு சிலிண்டரும் ஒன்றும் யோக்கியமில்லை. ஏறுகிற பிஸ்டனும் இறங்குகிற பிஸ்டனும் ஒரே வேகத்தில் போவதில்லை. அந்த வித்தியாசம் சுற்றுக்கு இரண்டு முறை ரீங்காரமாக வரும். இங்கிலாந்தின் லான்செஸ்டர் இதை அடக்க, எதிரெதிராகச் சுழலும் இரண்டு எடைத் தண்டுகளைப் போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே யோசித்துவிட்டார். 1970களில் மிட்சுபிஷி அதைத் தூசுதட்டி எடுத்தது. போர்ஷேவே உரிமம் கேட்டு வாங்கியது. ஆறு சிலிண்டரை ஒரே வரிசையில் வைத்தால் இந்தத் தொல்லையெல்லாம் தானாக அடங்கும். காசும் இடமும் இருந்தால்.

இல்லாததால் மூன்று மறுபடி வந்திருக்கிறது. சிலிண்டர் குறைந்தால் உராய்வு குறையும், எடை குறையும், மைலேஜ் கூடும். சித்தப்பாவின் அம்பாசிடர் அளவே கொள்ளளவு, ஒரு பிளக் கம்மி. இருந்தால் மறுபடி எண்ணியிருப்பார்.

ஆனால் ஹைபிரிட் எழுந்திருக்கும் விதத்தைப் பார்த்து அவர் வாயடைத்திருப்பார். சாதாரண வண்டியில் செல்ஃப் அடித்தால் என்ஜினை 200, 300 சுற்றில் திணறத் திணறத்தான் சுற்றும். மவுண்டிங் ரப்பர்களின்மேல் என்ஜின் மிக மோசமாகக் குலுங்குவது ஏறக்குறைய அந்த வேகத்தில்தான். இங்கே பெரிய மோட்டார் ஒன்றே என்ஜினைப் பிடித்து, ஒரு நொடிக்குள் 1000 சுற்றுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் பெட்ரோலைத் தெளிக்கிறது. குலுங்கும் வேகத்தைத் தாண்டி ஓடிவிடுகிறது. போதாமல், வால்வை வேண்டுமென்றே தாமதமாக மூடும் அட்கின்சன் முறையில் அழுத்தமும் மெதுவாக ஏறும். 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் விற்பனைக்கு வந்ததிலிருந்து இந்த விழிப்பைப் பிசிறில்லாமல் ஆக்குவதற்கே பொறியாளர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மைலேஜைவிட அந்த வேலைதான் பெரிதாகப் படுகிறது.

அப்படியானால் பெருங்களத்தூரில் எது உதறியது? எழுந்தது அல்ல, எழுந்தபின் செய்த வேலை. ஏசி கம்ப்ரஸர் இந்த வண்டியில் பேட்டரி மின்சாரத்தில் ஓடுகிறது. நெரிசலில் நிற்க நிற்க பேட்டரி இறங்கும். ஓரளவுக்குக் கீழே போனதும் என்ஜின் சார்ஜ் போட வருகிறது. இது சும்மா ஐடிலிங் இல்லை. ஜெனரேட்டரைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. சுமை ஏறினால் ஒவ்வொரு வெடிப்பும் கனக்கும். டிசம்பர் இரவில் அதே சிக்னலில் அவன் இதைக் கேட்டிருக்கவே மாட்டான்.

இதைச் சொன்னேன். “அப்ப நார்மல்ங்கறீங்களா?” என்றான், சர்வீஸ்காரன் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்ற முகத்தோடு.

நார்மல்தான். இருந்தாலும் அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. சின்ன வயதில் கும்பகோணம்–தஞ்சாவூர் பஸ்ஸில் எனக்குப் பிடித்த இடம் டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜினை மூடிய பானட் மேல். சாக்கு மடித்துப் போட்டிருப்பார்கள். சூடு, டீசல் வாடை, பல் கிட்டுகிற அதிர்வு. அதன்மேல் உட்கார்ந்து பாபநாசம் வருவதற்குள் தூங்கிவிடுவேன். பஸ் நின்று என்ஜினை அணைத்தால் விழிப்பு வந்துவிடும். அந்த அதிர்வோடு ஒப்பிட்டால் இந்த ஹைபிரிட்டின் நடுக்கம் கால்தூசு பெறாது. ஆனால் அது இடைவிடாமல் வந்தது, நான் அதற்குள்ளேயே இருந்தேன். இது கேட்காமல் வருகிறது, சொல்லாமல் போகிறது. கால் மிதித்தால் ரேஸ் ஏறும் என்று நாற்பது வருஷமாக உடம்பு கற்றுவைத்த கணக்கு இங்கே செல்லாது.

கொல்லிமலையில் அவன் மனைவிக்கும் இதுதான் நடந்திருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரும்போது பாதியிலேயே பேட்டரி நிரம்பிவிட்டது. அதற்குமேல் சக்தியைப் போட இடமில்லாததால், வண்டி என்ஜினைப் பெட்ரோலே இல்லாமல் சுற்றவிட்டுத் தன்னைத் தானே பிடித்துக்கொண்டது. ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை, என்ஜினோ உறுமுகிறது. ஓரங்கட்டி இறங்கிவிட்டார்களாம். பிரேக்குக்கு அது செய்த உபகாரத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

செங்கல்பட்டு தாண்டி வேகம் பிடித்ததும் அவன் உதறலை மறந்தான், வேறொன்று ஆரம்பித்தது. “இந்த டயர் சத்தம் கேக்குதா மாமா?” கேட்டது. அம்பாசிடரில் இதெல்லாம் என்ஜினுக்கு அடியில் புதைந்து கிடக்கும். என்ஜின் வாயை மூடினால் டயர், காற்று, ஏசி ஊதல், டேஷ்போர்டில் எங்கோ ஒரு கிளிப் என்று ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பிக்கின்றன. சத்தத்தைவிட எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. ஸ்பிரிங் மேல் கார் நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை அசைந்தால் உடம்புக்கு இதம். 4 முதல் 8 முறை என்றால் வயிறும் முதுகும் எதிர்ப்புத் தெரிவிக்கும். மேல்மருவத்தூர் பக்கம் ஒட்டுப்போட்ட சாலையில் அந்த இரண்டாவது ரகம்தான் வந்தது. ஷோரூம் புதுசு, ஷாக் அப்சார்பர் போயிருக்க முடியாது.

மறுநாள் காலை, டயர் சூடேறுவதற்கு முன், திண்டிவனத்தில் பங்குக்குப் போனோம். கதவுத் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 33 என்றிருந்தது. மீட்டர் நான்கு சக்கரத்திலும் 42 காட்டியது. யார்டில் மாதக்கணக்கில் நிற்கும்போது டயர் ஒரு பக்கம் நசுங்காமலிருக்கக் கூடுதலாக அடித்து அனுப்புவார்கள். டெலிவரிக்கு முன் குறைக்க வேண்டியதை யாரோ விட்டிருக்கிறார்கள்.

குழாயோடு வந்த பையன், “எவ்ளோ சார் அடிக்கணும்?” என்றான்.

“அடிக்க வேணாம் தம்பி, எறக்கணும். முப்பத்திமூணு.”

அக்கா மகன் குறுக்கே வந்தான். “மைலேஜ் அடிவாங்குமே மாமா?”

“வாங்கும். கொஞ்சம்.”