பீக்கிங்குக்குப் போன பரிசுகள்

ஜேம்ஸ் கில்ரே போட்ட கேலிச்சித்திரங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது சீனச் சக்கரவர்த்தி படம். பருத்த உடம்பு, திண்டில் சாய்மானம், வாயோரத்தில் புகைக்குழாய். எதிரே ஆங்கிலத் தூதர் ஒற்றை முழங்காலில் நிற்கிறார். அவர் கூட வந்தவர்கள் தலையைத் தரையில் வைத்துப் பின்புறத்தை வானத்துக்குக் காட்டுகிறார்கள். காணிக்கையாக வந்திருப்பவை பூப்பந்து மட்டை, ஆடுகுதிரை, பலூன், மாய விளக்கு. கடன் கேட்க வந்த மச்சானைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார் சக்கரவர்த்தி.

படம் லண்டனில் விற்பனைக்கு வந்தது 1792 செப்டம்பர் 14. தூதர் கப்பலேறியதோ அந்த மாதம் 26. ஆள் ஊரைவிட்டுக் கிளம்பவே இல்லை, அதற்குள் அவமானம் அச்சாகிவிட்டது! சியென்லுங் சக்கரவர்த்தி அவருக்குப் பேட்டி கொடுத்தது 1793 செப்டம்பர் 14. சரியாக ஒரு வருஷம், ஒரு நாள் பிசகவில்லை. நெற்றி தரையில் பட விழமாட்டேன் என்று தூதர் அடம்பிடித்து, பேசிப் பேசிக் கடைசியில் படிந்த பேரமும் அதே ஒற்றை முழங்கால்தான்.

அந்தத் தூதர் மெக்கார்ட்னி நமக்குப் பழைய ஆள். 1781 முதல் 1785 வரை சென்னைக்கு கவர்னர். அவர் வந்து இறங்கியபோது ஹைதர் அலியின் படை ஆற்காட்டு நவாபின் கர்நாடகத்தைச் சூறையாடிக்கொண்டிருந்தது. அந்தப் படை முந்தின வருஷம் இறங்கிவந்த வழி செங்கம் கணவாய். ஜமுனாமரத்தூரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எங்கள் ஜவ்வாது மலையின் தெற்குக் காலடியில்தான் இருக்கிறது அந்தக் கணவாய். கவர்னரின் காரியதரிசி ஸ்டான்டன் 1784இல் மங்களூருக்குப் போய், திப்புவிடம் சமாதானக் கையெழுத்து வாங்கிய மூவரில் ஒருவர். சீனாவுக்கும் அவரே கூடப் போனார். நவாப் நீட்டிய அன்பளிப்புகளை வாங்க மறுத்தவர் என்று சென்னையில் பேரெடுத்த மெக்கார்ட்னி, பெட்டி பெட்டியாக அன்பளிப்பு சுமந்துகொண்டு போனார். கில்ரே இதை அறிந்திருந்தால் இன்னொரு படம் போட்டிருப்பார்.

கில்ரேயை முக்காலமும் உணர்ந்தவராக ஆக்கிவிட வேண்டாம். 1791 டிசம்பரில் அவர் திப்புவையும் வரைந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மழைக்குப் பயந்து பின்வாங்கும் கிழக்கிந்தியக் கம்பெனி கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் கழுதைமேல் போகிறார். கோட்டை மதிலில் நிற்கும் திப்பு அவர்மேல் பெய்கிற மழை வேறு மழை. மூன்றே மாதத்தில் கதை மாறியது. 1792 மார்ச் உடன்படிக்கையில் திப்பு பாதி ராஜ்யத்தை இழந்தார். இந்த மலைக்கு மேற்கே திருப்பத்தூர் உள்ளிட்ட பாரமகால் கம்பெனிக்குப் போயிற்று. மலையில் சாமை அறுத்துக்கொண்டிருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

ஒன்று பலித்தது, ஒன்று பொய்த்தது. மைசூரையும் கில்ரே கண்டதில்லை, சீனாவையும் கண்டதில்லை. ஆனால் திப்பு படத்தில் அவர் பந்தயம் கட்டியது தெரியாத ராஜாவின்மேல். சீனப் படத்தில் குறிவைத்தது தெரிந்த துரைகளை. அவர்களுடைய மிடுக்கும் வியாபார ஆசையும் அவருக்கு அத்துபடி. கேலிச்சித்திரக்காரன் சொந்த ஊர்க்காரனை வரையும்போதுதான் குறி தப்புவதில்லை என்பது என் கட்சி.

பெட்டிகளில் உண்மையில் இருந்தவை விளையாட்டுச் சாமான்கள் அல்ல. கோள்மண்டலப் பொறி, கடிகாரங்கள், ஹெர்ஷலின் தொலைநோக்கி எல்லாம் போயின. உங்கள் சரக்கு எதுவும் எங்களுக்குத் தேவையில்லை என்று சக்கரவர்த்தி எழுதியனுப்பிவிட்டார். எனக்கு அந்தத் தொலைநோக்கியை நினைத்துத்தான் வருத்தம். மெக்கார்ட்னி சென்னைக்கு வந்த அதே 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்தவர் ஹெர்ஷல். அந்தக் கிரகத்துக்கு வளையம் உண்டென்று 1977 மார்ச்சில் தெரியவந்தபோது, அதைப் பதிவுசெய்த ஆய்வகங்களில் ஒன்று இதே மலையிலுள்ள காவலூர்.

இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் கோமுட்டேரியில் படகு விட்டு, சாமையும் தேனும் வாங்கிக்கொண்டு போளூருக்கு இறங்கிவிடுகிறார்கள். பொதுமக்களை அனுமதிக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு, காவலூருக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.